பள்ளி தயாரா? கேள்வித்தாள் தயாரா?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 10+2 என்ற பழைய அமைப்பை 5+3+3+4 என்று மாற்றச் சொன்னது. இத்தகைய மாற்றம் வரும்போது, பள்ளி அதற்குத் தயாராக இருக்கிறதா என்று தலைமையாசிரியரைக் கேட்டால் "தயார்" என்பார். ஆசிரியர் அறையிலோ வேறு பேச்சு நடக்கும். உண்மையை அறியக் கேள்வித்தாள் ஒரு நல்ல வழி.

இதற்கான அளவுகோல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. அமெரிக்க ஆய்வாளர் பிரையன் வைனர் 2009-இல், தயார்நிலை என்பதை இரண்டு கூறுகளாகப் பிரித்தார். ஒன்று, மாற்றத்தைச் செய்து முடிப்போம் என்ற கூட்டு உறுதி. மற்றது, நம்மால் முடியும் என்ற கூட்டு நம்பிக்கை. மருத்துவமனைகளை மனத்தில் வைத்து எழுதியது என்றாலும் பள்ளிக்கும் பொருந்தும். 'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்தில் ஒன்றைக் குறிக்கும் முறை, 1932-இல் லிக்கர்ட் தந்தது.

மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளி ஒன்றுக்கு இதைத் தமிழாக்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் சொல்லிலேயே இடறல்! 'மாறுதலுக்கு நான் தயார்' என்று எழுதினால், ஆசிரியர் காதில் அது இடமாறுதல் என்றே விழும். அவர் 'மறுக்கிறேன்' என்று குறித்தால், புதிய பாடமுறையை மறுக்கவில்லை. பெட்டி படுக்கையைக் கட்டத்தான் மறுக்கிறார்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. 'எங்களால் முடியும்' என்பதா, 'நம்மால் முடியும்' என்பதா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் 'நாங்கள்' என்றால், தாளை நீட்டும் தலைமையாசிரியர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் உள்ளே வந்துவிடுகிறார். கூட்டு நம்பிக்கையை அளக்கும் கேள்வியில் இதுவே உயிர்நாடி.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, 1970-இல் பிரிஸ்லின் என்ற அறிஞர் விளக்கிய முறை ஒன்று உண்டு. மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். பயனுள்ள முறைதான். ஆனால் 'நாம்', 'நாங்கள்' இரண்டும் திரும்பும்போது ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடும். மாறுதலும் அப்படியே. பிழை தெரியாமலே தாள் தேறிவிடும்!

ஆகவே, கேள்வித்தாளை அச்சிடுமுன் நாலைந்து ஆசிரியர்களுடன் உட்கார வேண்டும். ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லி, "இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். 'முடியாது என்று நான் நினைக்கவில்லை' போன்ற இரட்டை எதிர்மறை வரிகளில் அவர்கள் தயங்குவதும் அப்போது தெரியும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? மதிப்பெண் குறையும், 'இப்பள்ளி மாற்றத்தை எதிர்க்கிறது' என்று கோப்பில் ஏறும். தவறு மொழிபெயர்ப்பில்; பழி ஆசிரியர் மேல்.

நம்மிடையே இருமொழி அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். இத்தகைய தாள் ஒன்று நம் பிள்ளைகளின் பள்ளிக்கு வந்தால், அதைப் படித்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுதை அவர்கள் ஒதுக்கலாம். பள்ளியை அளக்குமுன் அளவுகோலை அளந்து பார்ப்போம்.