நாலு கதிரைகள் காலி

1931 மே 4, அரசாங்க சபைத் தேர்தலுக்கு நியமனப் பத்திரம் கொடுக்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று குடாநாட்டுக்கு நாலு தொகுதி. நேரம் முடிந்தபோது நாலுக்கும் சேர்த்து ஒரு பத்திரம்கூட வந்திருக்கவில்லை. நிற்க ஆசைப்பட்டவர்கள் இல்லாமலில்லை. ஊர் விடவில்லை.

டொனமூர் அரசியலமைப்பையும் சர்வசன வாக்குரிமையையும் நம் பள்ளிக்கூடச் சரித்திரத்தில் எல்லோரும் படித்திருப்போம். இந்த நாள் எங்கள் வகுப்பில் வரவில்லை. வந்த இடங்களில் ஒரு வரியோடு போயிருக்கும்.

அந்த வாக்குரிமை சாதாரண விஷயம் அல்ல. அதற்கு முன் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. இப்போது 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் கிடைத்தது. இங்கிலாந்தில் பெண்கள் அந்த வயதில் வாக்குப் பெற்றதே 1928-இல்தான். டொனமூர் குழுவுக்குள் இதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் டிரமண்ட் ஷீல்ஸ், ஸ்கொட்லாந்தின் எடின்பரோவிலிருந்து வந்த தொழிற்கட்சி எம்.பி. 

அப்படியிருக்க யாழ்ப்பாணம் ஏன் கதவைச் சாத்தியது? தமிழருக்கு இடம் குறைந்துவிட்டது என்ற கோபம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோபமும் அப்போது இருந்தது. ஆனால் பகிஷ்கரிப்பை நடத்தியவர்கள் வேறு ஆட்கள். 1924-இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி வாலிபர் காங்கிரஸாக மாறிய கூட்டம் அது. முன்னால் நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். 1927-இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் இவர்களே. சாதி பாராமல் சமபந்தி என்றார்கள். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை வேண்டாமென்றார்கள். இலங்கை முழுவதற்கும் பூரண சுயராச்சியம் கேட்டார்கள். டொனமூர் தந்தது அதில் பாதிகூட இல்லை, ஆளுநரின் பிடி அப்படியே இருக்கிறது என்பதுதான் அவர்கள் கோபம். 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையில் கூடிய மாநாட்டில் பகிஷ்கரிப்புத் தீர்மானமானது. தெற்கும் பின்னால் வரும் என்று நம்பினார்கள். வாழ்த்து வந்தது, ஆள் வரவில்லை. ஜூனில் தெற்கில் தேர்தல் நடந்தது.

காலிக் கதிரை என்றால் வாக்கெடுப்பில் நாலு கை குறைவு, அவ்வளவுதானே என்று தோன்றும். அந்தச் சபையில் அப்படியல்ல. இன்றைய மந்திரிசபை போன்றதல்ல அது. தெரிவான 50 பேரும் நியமனம் பெற்ற 8 பேரும் ஏழு நிறைவேற்றுக் குழுக்களாகப் பிரிந்து உட்காருவார்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம் என்று துறைக்கொரு குழு. குழு தனக்கொரு தலைவரைத் தெரிவுசெய்யும். அவரே அந்தத் துறைக்கு அமைச்சர். ஆக, குழுவில் உட்காராதவனுக்கு அமைச்சர் தெரிவிலும் கையில்லை, அந்தத் துறையின் அன்றாட வேலையிலும் குரலில்லை. 1931-இல் அமைச்சரானவர்களில் பெரி சுந்தரம் தமிழர்தான், ஆனால் ஹட்டன் தொகுதிக்காரர். குடாநாட்டிலிருந்து ஒருவரும் இல்லை.

அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருந்தது. பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். சபாநாயகரை விட்டால் மிஞ்சுவது 57 பேர். ஏழு குழுவுக்குப் பிரித்தால் குழுவுக்கு எட்டு, ஒன்றில் ஒன்பது. ஐந்து பேர் ஒரு பக்கம் நின்றால் அந்தக் குழுவின் அமைச்சர் அவர்கள் ஆள். ஏழைந்து முப்பத்தைந்து. சிங்கள உறுப்பினர் அதற்கு மேலேயே இருந்தார்கள். குழுவுக்குக் குழு அளந்து உட்கார்ந்தால் ஏழும் கைக்குள். 1936-இல் நடந்தது அதுதான்: ஏழு அமைச்சரும் சிங்களவர். கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம், நம்மூர்த் தமிழர், என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. மெய்யோ பொய்யோ, கணக்கு சரி.

பகிஷ்கரிப்பு மூன்று வருடம் தாங்கியது. 1934-இல் நாலு தொகுதிகளுக்கும் தேர்தல் வந்தது. பருத்தித்துறையில் வென்று ஜீ. ஜீ. பொன்னம்பலம் சபைக்குள் போனார். பிறகு அவர் எழுப்பிய, சபையில் பாதி இடம் சிறுபான்மையினருக்கு என்ற ஐம்பதுக்கைம்பது கோஷம், வாலிபர் காங்கிரஸ் வெறுத்த அதே இனவாரிக் கணக்கின் மறுபிறவி. பேரின்பநாயகத்தின் கூட்டம் மெல்லக் கரைந்தது.

இவர்களின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்ப்பில் உண்டு. பகிஷ்கரித்துக் காட்டிய வாக்கு, படித்தவனுக்கும் பணக்காரனுக்கும் ஏற்கெனவே இருந்தது. புதிதாகப் பெற்றவர்கள் பெண்களும், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும், சீவல் தொழிலாளியும், கடலோடியும். சமபந்தி கேட்ட இளைஞர்களே அவர்களின் முதல் வாக்கை மூன்று வருடம் தள்ளிப்போட்டார்கள்.

1932-இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தார். அன்று யாழ்ப்பாணத்தின் நாலு கதிரைகளும் காலியாகத்தான் கிடந்தன.