மாற்றுச் சிறுநீரகத்தில் பயாப்ஸி: ஊசிக்குப் பின் கவனிக்க வேண்டியவை

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரிடம் பயாப்ஸி தேவை என்று கூறும்போது, பல வேளைகளில் அவரைவிட உடன் வந்திருப்பவரே கூடுதலாகக் கலங்குகிறார். சிறுநீரகத்தைக் கொடுத்தவர் தாயாகவோ மனைவியாகவோ இருப்பின், "நான் கொடுத்த சிறுநீரகத்தில் ஊசி குத்தினால் அது கெட்டுப்போகாதா, டாக்டர்?" என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விரிவாக விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயாப்ஸி எதற்காக?

இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு உயர்ந்தால், மாற்றுச் சிறுநீரகத்தின் செயல்பாடு குறைகிறது என்று அறிகிறோம். அதற்கான காரணத்தை அந்த எண் சொல்வதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் புதிய உறுப்பை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம்; டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் அளவு மிகுந்திருக்கலாம்; பிகே வைரஸ் தொற்றியிருக்கலாம்; பழைய நோயே திரும்பியிருக்கலாம். நிராகரிப்பு எனில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். வைரஸ் எனில் அதே மருந்தைக் குறைக்க வேண்டும். ஊகத்தின் அடிப்படையில் மருத்துவம் செய்தால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். ஆகவேதான் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கிறது. 1991-ஆம் ஆண்டு கனடாவின் பான்ஃப் நகரில் கூடிய வல்லுநர்கள் தொடங்கி வைத்த வகைப்பாட்டு முறையே இன்றும் இத்திசுக்களை மதிப்பிட உலகெங்கும் பயன்படுகிறது.

எவ்வாறு செய்யப்படுகிறது?

மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தோலுக்கு அருகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைச் செலுத்தி, நூலிழை போன்ற ஒன்றிரண்டு திசுத் துண்டுகளை எடுக்கிறோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 முதல் 2 செ.மீ. நீளமே இருக்கும். சிறுநீரகத்திலுள்ள இலட்சக்கணக்கான வடிகட்டிகளுள் சில பத்து மட்டுமே இதனால் குறைகின்றன. திசு எடுத்ததனால் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்துவிடாது.

என்னென்ன சிக்கல்கள் நேரலாம்?

இரத்தம் மிகுதியாகப் பாயும் உறுப்பு என்பதால், நேரும் சிக்கல்களுள் பெரும்பாலானவை இரத்தக் கசிவு சார்ந்தவை. நூற்றில் மூன்று நான்கு பேருக்குச் சிறுநீர் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்கலாம். அநேகமாக ஓரிரு நாட்களில் அது தானே தெளியும். இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தையே இழப்பது மிக மிக அரிது.

சிறுநீரில் இரத்தக் கட்டிகள் சேர்ந்தால் அவை பாதையை அடைத்து, சிறுநீர் இறங்காமல் செய்துவிடும். இயங்குவது ஒரே சிறுநீரகம் என்பதால் இந்த அடைப்பைக் காத்திருந்து பார்க்க இயலாது. உடனே குழாய் செருகிக் கட்டிகளைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

சிறுநீரகத்தைச் சூழ்ந்த உறைக்கு உள்ளே இரத்தம் தேங்கினால், அது சிறுநீரகத்தை நெருக்கி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தம் திடீரென ஏறும், சிறுநீர் குறையும். விலங்குகளின் சிறுநீரகத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றி இவ்விளைவை 1939-இல் விளக்கிய அமெரிக்க மருத்துவர் இர்வின் பேஜின் பெயரால் இது 'பேஜ் சிறுநீரகம்' எனப்படுகிறது. அரிதான இந்நிலையில் விரைந்து அழுத்தத்தை நீக்கினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வழியுண்டு.

ஊசி செல்லும் வழியில் தமனியும் சிரையும் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதும் உண்டு. டாப்ளர் ஸ்கேனில் மட்டுமே தெரியும் இத்தகைய இணைப்புகளுள் பெரும்பாலானவை எத்தொல்லையும் தராமல் தாமே மூடிக்கொள்கின்றன. தொடர்ந்து கசியும் சிலவற்றை, தொடை இடுக்கின் வழியே மெல்லிய குழாய் செலுத்தி, உள்ளிருந்தே அடைத்துவிடலாம்.

பயாப்ஸிக்கு முன்

இரத்தத்தின் உறைதிறன், தட்டணுக்கள், ஹீமோகுளோபின் ஆகியவை பரிசோதிக்கப்படும். இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் இருப்பது நல்லது. அன்று காலை இரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் முன்கூட்டியே தெரிவியுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தவே கூடாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை ஒரு வேளையும் விடாதீர்கள்; டாக்ரோலிமஸ் அளவு பார்ப்பதாயின் இரத்தம் கொடுத்த பின்பு மாத்திரையை விழுங்குங்கள்.

பயாப்ஸிக்குப் பின்

நான்கு முதல் ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழிக்கும் சிறுநீரையும் செவிலியரிடம் காட்ட வேண்டும். சிக்கல்களுள் பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே பாபநாசம், திசையன்விளை, உவரி போன்ற தொலைவான ஊர்களிலிருந்து வருவோர் அன்றிரவு மருத்துவமனையிலோ திருநெல்வேலி நகருக்குள்ளேயோ தங்குவது பாதுகாப்பானது.

இரத்தக் கசிவு சில நாட்கள் கழித்தும் தோன்றலாம் என்பதால், வீடு திரும்பிய பின் இரண்டு வாரங்களுக்குக் குடம், நெல் மூட்டை, எரிவாயு உருளை போன்ற எதையும் தூக்க வேண்டாம். குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனப் பயணத்தைத் தவிருங்கள். மடியில் தட்டு வைத்து, குனிந்து அமர்ந்து பீடி சுற்றும் தொழிலுக்கும் சில நாட்கள் ஓய்வு கொடுங்கள். குற்றால அருவியின் வேகம் அடிவயிற்றில் விழக்கூடாது. ஊசித்துளை ஆறும்வரை தாமிரபரணியில் மூழ்கி நீராட வேண்டாம். எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் தொற்று எளிதில் பரவும். வலி இருந்தால் எங்களிடம் கேட்டு பாராசிட்டமால் எடுக்கலாம். டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. எண்ணெய் தேய்த்து நீவுவதும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• சிறுநீர் அடர் சிவப்பாகப் போதல், அல்லது கட்டிகளுடன் வருதல்
• சிறுநீர் அறவே நின்றுபோதல், அல்லது வெகுவாகக் குறைதல்
• ஊசி குத்திய பக்கத்தில் வலி மிகுதல், வீக்கம் பெருகுதல்
• தலைசுற்றல், வியர்த்து மயங்குதல், படபடப்பு
• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• வீட்டுக் கருவியில் இரத்த அழுத்தம் வழக்கத்தைவிட மிக உயர்ந்து காணுதல்

மாற்றுச் சிறுநீரகத்தின் நரம்புத் தொடர்புகள் அறுவையின்போதே துண்டிக்கப்படுவதால், உள்ளே பாதிப்பு இருந்தும் வலி குறைவாகவே தோன்றலாம். "வலிக்கவில்லையே, விடியட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். நள்ளிரவாயினும் 108-ஐ அழையுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர் என்பதையும் பயாப்ஸி செய்த தேதியையும் முதலில் சொல்லுங்கள். வெளியேற்றச் சீட்டு எப்போதும் நோயாளியின் பையிலேயே இருக்கட்டும்.

திசு ஆய்வின் முடிவு வந்ததும் மருந்துகள் மாற்றியமைக்கப்படும். நிராகரிப்பைப் பொறுத்தவரை, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம். காலம் தாழ்ந்தால் தழும்பேறிய திசுவை மீட்க மருந்தில்லை. எனவே சிறுநீர் தெளிந்து உடல்நலம் சீராகத் தோன்றினாலும், முடிவைப் பெறக் குறித்த நாளில் தவறாமல் வாருங்கள். சிறுநீரகம் கொடுத்தவரையும் இயன்றால் அழைத்து வாருங்கள்; அவருடைய ஆண்டுப் பரிசோதனையையும் அன்றே முடித்துவிடலாம்.