கேரியர் இருக்க முதுகு ஏன் சுமக்கணும்?

"டாக்டர், இவன் கையைக் கொஞ்சம் பாருங்க. பேனாவே பிடிக்க வரலைங்கறான். அடுத்த வாரம் செமஸ்டர் பரீட்சை வேற..."

கல்லூரியில் படிக்கிற மகனை அழைத்து வந்த அந்த அம்மாவின் முகத்தில் ஏகக் கலக்கம். பையனுக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயிருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தேன். சட்டென்று என் கையோடு வந்துவிட்டது.

"ஊட்டிக்குப் போனான் டாக்டர். பனியில விறைச்சுப் போச்சு. வாதமா இருக்கும்னு நான் ரெண்டு நாளா தைலம் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்ச்சேன்" என்றார்.

பனி என்றால் பத்து விரலும்தானே மரக்க வேண்டும்? இரண்டு மட்டும் ஏன்?

விசாரித்தேன். மார்கழி விடுமுறையில் நண்பர்களோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிக்குச் சைக்கிளிலேயே ஏறியிருக்கிறான். தெரிந்தவர் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கல். கூடாரம், படுக்கைப் பை, துணிமணி, தண்ணீர், தின்பண்டம் எல்லாமே முதுகுப் பையில்! "எத்தனை கிலோ?" என்றேன். தெரியவில்லை. மறுநாள் அதே மாதிரி கட்டி எடுத்து வரச் சொல்லி, கிளினிக் எடை மெஷினில் வைத்தேன். 13 கிலோ.

விஷயம் இதுதான். சைக்கிளில் நாம் முன்னால் குனிந்து உட்காருகிறோம். முதுகில் ஏறிய சுமையில் ஒரு பங்கு உள்ளங்கை வழியாக ஹேண்டில்பாரில் இறங்குகிறது. மிச்சம் சீட்டில். முழங்கையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையின் அடிப்பகுதி வழியே விரல்களுக்குப் போகிறது. மணிக்கணக்கில் அங்கே அழுத்தினால் அந்த இரண்டு விரலும் மரக்கும், பிடியும் தளரும். நசுங்கிய நரம்பின் மேல் அம்மா வேறு இரண்டு நாள் அழுத்தியிருக்கிறார்! எண்ணெய் தடவுவதென்றால் முன்கையில் இதமாகத் தடவலாம். நசுங்கிய இடத்தில் அழுத்தவே கூடாது.

முதுகுப் பையால் இன்னொரு கெடுதலும் உண்டு. மேடு ஏறும்போது பைக்கு அடியில் முதுகு தொப்பலாக வியர்க்கும். உச்சியிலிருந்து இறங்கும்போது அந்த ஈரத்தின் மேல் குளிர் காற்று. முன்பனிக் காலத்து ஊட்டியில் சில இரவுகள் உறைபனியே விழும். வாத உடம்புக்காரர்களுக்கு முதுகும் தோளும் பிடித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்?

பால்காரரைப் பாருங்கள்

சரி, சுமையை எங்கே வைப்பது? பழைய பால்காரர் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். கேன்களைக் கேரியர் மேல் அடுக்கினாரா? இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டார். எடை தரைக்குப் பக்கத்தில், இரு பக்கமும் சமமாக இருந்தால் சைக்கிள் ஆடாது. எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் தெரிந்துகொண்ட பாடம் அது.

அந்தப் பையனின் சைக்கிளில் கேரியரே இல்லை. 'ஸ்டைல் போயிடும்' என்று மாட்டவில்லையாம்! மாட்ட வைத்தேன். இருபுறமும் தொங்கும் பைகள் இரண்டு வாங்கினான். கிளினிக் கூடத்திலேயே சாமான்களைப் பிரித்துப் போட்டோம்.

கூடாரக் கம்பி, அடுப்பு, அரிசி பருப்பு, பஞ்சர் சாமான் போன்ற கனமானவை பக்கப் பைகளின் அடியில். கூடாரத் துணி இடது பக்கம் போனால் சமையல் சாமான் வலது பக்கம். பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசு கிடைத்தால் இரண்டு பையையும் நிறுத்துப் பாருங்கள். படுக்கைப் பையும் தரையில் விரிக்கும் பாயும் இடத்தை அடைக்கும், ஆனால் எடை குறைவு. அவை பாலிதீன் உறையில் சுற்றிக் கேரியரின் மேல். இறகு அடைத்த படுக்கைப் பை நனைந்தால் ராத்திரி கதகதப்பே இருக்காது.

எல்லாவற்றையும் பின்னாலேயே ஏற்றிவிட்டால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி அலைபாயும். அதனால் தண்ணீர் பாட்டில்கள் பிரேமின் நடுவில் (ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்காதீர்கள்), ஸ்வெட்டர் மாதிரி லேசானவை ஹேண்டில்பாரில். காய்ந்த பனியன் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் கட்டாயம் இருக்கட்டும். இறங்குவதற்கு முன் ஈர பனியனை மாற்றிவிட வேண்டும். உடம்பின் மேல் இருக்க வேண்டியது உடையும் கையுறையும்தான்.

கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கும் என்பதற்காக ஏற்ற வேண்டாம். சுமையோடு இறங்கும் சைக்கிள் சீக்கிரம் நிற்காது. இடையிடையே நிறுத்தி, பிரேக்கும் ஆறட்டும், விரலும் ஆறட்டும். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, முழு பாரத்தோடு ஊருக்குள்ளேயே பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது நல்லது. குதிகால் பையில் இடிக்கிறதா, பட்டை ஆரக்காலில் மாட்டுகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

பையன் பேனாவில் துணி சுற்றிப் பிடித்துப் பரீட்சையை எழுதி முடித்தான். சைக்கிளுக்கு ஆறு வாரம் விடுமுறை கொடுத்தேன். மாசி கடைசியில் தாளை இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. சில வாரத்தில் மரப்பு குறையாவிட்டாலோ பிடி மேலும் தளர்ந்தாலோ நரம்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். நானும் அனுப்பத்தான் இருந்தேன்.

அன்று சாமான்களைப் பிரித்தபோது மூன்று ஜீன்ஸ் வெளியே வந்தன. இரண்டைத் தள்ளி வைத்தேன். அடியில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு! அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "டப்பா வேண்டாம்மா, முறுக்கு மட்டும் போகட்டும்" என்றேன்.