நெசவுக்காரர் அலமாரி: ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம் வாங்க!

சித்திரை பிறந்தால் மதுரைக்கு ஒரே கேள்விதான். அழகர் இந்த வருஷம் என்ன கலர் பட்டு? பெட்டிக்குள் கைவிட்டு, கையில் சிக்கிய பட்டை எடுத்துச் சாத்துவது வழக்கம். பச்சை வந்துவிட்டால் போதும், நாடு செழிக்கும் என்று ஊரே குதிக்கும். வேறு கலர் வந்தால் பெருசுகள் உதட்டைப் பிதுக்கும். அந்தப் பட்டோடு வைகையில் இறங்கி, எங்கள் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேர்வார் அழகர். துணியின் நிறத்தை வைத்தே வருஷத்துக்குப் பலன் சொல்கிற ஆட்கள் நாங்கள். நெசவுக்குப் பேர்போன சௌராஷ்டிரர்களின் பேரில் சௌராஷ்டிரபுரம் என்றே ஒரு பகுதி இருக்கிற ஊர் வேறு. தறி என்று யாராவது பேச்செடுத்தால் காது தானாக நீளும்.

அப்படி நீண்ட காதில் விழுந்த சங்கதி இது. கைத்தறி நெசவாளர்கள் பலர் தங்கள் வீட்டு நெசவுப் புத்தகங்களைப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறார்களாம். சிலர் பட்டியலோடு நிற்காமல் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தே ஏற்றிவிட்டார்களாம். அடுத்தவர் வீட்டு அலமாரியை எட்டிப் பார்க்கிற சுகம் இருக்கிறதே! அதுவும் அவர்களே கதவைத் திறந்து வைத்துவிட்டு ‘வாங்க’ என்கிறபோது? தெப்பக்குளத்துப் படிக்கட்டில் இடம் பிடித்து, செல்போனைக் கையில் எடுங்கள். உள்ளே போவோம்.

கம்ப்யூட்டர் வாத்தியாரின் பரண்

முதல் அலமாரி அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில். அடுக்கியவர் ரால்ஃப் கிரிஸ்வோல்டு. ஆள் ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார்! 1960களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ‘ஸ்னோபால்’ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். பின்னால் ‘ஐக்கான்’ என்று இன்னொரு மொழியும் செய்தார். எழுத்துச் சரங்களைப் பிரித்து, கோத்து, ஒரே மாதிரியானதைத் தேடிப் பிடிப்பதில் இரண்டும் கெட்டி. கடைசிக் காலத்தில் மனிதர் நெசவுப் பக்கம் சாய்ந்துவிட்டார். சாயாமல் என்ன செய்வார்? பாவு மேலே நிற்கிறதா, ஊடை மேலே ஓடுகிறதா, இந்த இரண்டே பதிலில்தானே ஒரு முழுப் புடவையும் முடிகிறது. அவருக்கு அது பழகிய ஒன்று, சைபர் கணக்கு.

நெசவைப் பற்றி எது கிடைத்தாலும் விடவில்லை. பழைய பாடப்புத்தகம், பத்திரிகை, பேட்டன்ட் தாள், டிசைன் நோட்டு எல்லாமே ஸ்கேனருக்குப் போயின. சக நெசவாளர்கள் தங்கள் அலமாரியிலிருந்து இரவல் கொடுத்தார்கள். பக்கத்தின் கறையைத் துடைத்து, கோணல் நிமிர்த்தி, ஓரம் வெட்டி, அன்றைய ஆமை வேக இணையத்தில் இறங்க வேண்டுமே என்று பெரிய புத்தகத்தைப் பல துண்டாகப் பிரித்து ஏற்றினார். பதிப்புரிமைக் காலம் முடிந்த புத்தகம்தான் முழுசாக ஏறும். மற்றதற்கு உரியவரின் அனுமதி வேண்டும். 2006-ல் அவர் காலமானபோது, ஆயிரக்கணக்கான ஆவணங்கள் உலகத்துக்குப் பொதுச் சொத்தாக நின்றன.

அந்தப் பரணில் எனக்குக் கிறுகிறுத்துப் போனது ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான். ஜெர்மனியின் உல்ம் நகரத்து நெசவாளர் மார்க்ஸ் சீக்லர் 1677-ல் அச்சிட்ட நெசவு டிசைன் புத்தகம். அச்சில் வந்த முதல் நெசவு டிசைன் புத்தகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். திருமலை நாயக்கர் இந்தத் தெப்பக்குளத்தை வெட்டியது 1645-ல். முப்பத்திரண்டு வருஷம் கழித்து எங்கோ ஒரு தறிக்காரர் எழுதி வைத்ததை, அந்த நாயக்கர் கட்டிய படியில் உட்கார்ந்து கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம். காசு? ஒரு பைசா கிடையாது!

நாலு கட்டத்துக்குள் ஒரு புடவை

சரி, ஜெர்மன் தெரியாதே? கவலையே வேண்டாம். நெசவு டிராஃப்டுக்குப் பாஷை கிடையாது. கிராஃப் தாளில் நாலு கட்டம். மேல் கட்டத்தில் எந்தப் பாவு இழை எந்த விழுதில் நுழைகிறது என்ற குறி. பக்கவாட்டில் எந்த வரிசையில் மிதிக்க வேண்டும் என்ற குறி. மூலையில் ஒரு குட்டிக் கட்டம்: எந்த மிதிக்கு எந்த விழுது கட்டியிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்தால் நாலாவது கட்டத்தில் துணி தானாக விழுகிறது. கறுப்பு, வெள்ளைச் சதுரங்களில் வைரம், ஏணி, அலை! நம்மூர்த் தறியில் உட்கார்ந்த யாரிடம் காட்டினாலும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஓ, இதுவா” என்பார்கள்.

இந்தக் கட்டங்களைப் புத்தகத்திலிருந்து பெயர்த்தெடுக்கிற வேலையைக் கையில் எடுத்தவர் கிரிஸ் ப்ரூலண்ட். அவருடைய ஹேண்ட்வீவிங் டாட் நெட் தளத்தில் 70,000-க்கும் மேற்பட்ட டிராஃப்டுகள் கிடக்கின்றன. பழைய புத்தகப் பக்கத்தில் செத்துக் கிடந்த கட்டத்தைத் தறி மென்பொருள் புரிந்துகொள்கிற கோப்பாக மாற்றித் தருகிறார்கள். அந்தக் கோப்பு வகைக்கு ‘விஃப்’ என்று பேர். 1990களில் வெவ்வேறு நெசவு மென்பொருள்காரர்களுக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று வகுத்தது. குறும்பு என்னவென்றால், அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நோட்பேடிலும் திறக்கலாம். இத்தனாவது இழை, இத்தனாவது விழுது என்று வரி வரியாக நிற்கும். ஒளிவு மறைவே இல்லை!

வெட்டி ஒட்டிய 18 புத்தகங்கள்

அடுத்த அலமாரியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1866. லண்டனில் இந்தியா அலுவலகத்தில் இருந்த டாக்டர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் ஒரு வேலை செய்தார். இந்தியத் துணிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, தாளில் ஒட்டி, 18 பாகமாகக் கட்டினார். மொத்தம் 700 துண்டுகள். இதே மாதிரி 20 செட். பக்கத்தைப் புரட்டினால் படம் இருக்காது, நிஜத் துணியே இருக்கும். கூடவே ஒரு சீட்டு: எந்த ஊர், என்ன நீளம், என்ன அகலம், என்ன எடை, என்ன விலை. அடேங்கப்பா என்று வாயைப் பிளக்கலாம். பிளந்த வாயை மூடிவிட்டு, எதற்காக என்று கேட்டுப் பாருங்கள். இந்தியர்கள் விரும்பி உடுத்துவது என்ன என்று இங்கிலாந்து ஆலைக்காரர்கள் பார்த்து, அதே மாதிரி நெய்து, இங்கேயே கொண்டுவந்து விற்க! 13 செட் அந்தப் பக்கத்துத் தொழில் நகரங்களுக்கு, 7 செட் இந்தியாவுக்கு. அதில் ஒன்று சென்னைக்கு.

நெய்தவர் பேர் ஒரு சீட்டிலும் கிடையாது. ஆனாலும் அன்றைய துணி எத்தனை முழம், எவ்வளவு எடை என்று இன்று தெரிய வேண்டுமானால் அந்தப் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டும். பிரெஸ்டன் நகரத்து ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிற செட் இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. ஒரு கரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் இழை எண்ணலாம். எண்ணினேன், கண் பூத்துப்போனது!

இதற்குப் பக்கத்திலேயே கதர் அலமாரி. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல மாசி வீதி வீட்டில் வேட்டி சட்டையைக் களைந்து அரைத்துணிக்கு மாறிய கதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் தொடர்ச்சியாகக் கிளம்பிய புத்தக அலை அவ்வளவாகத் தெரியாது. கை நூற்பையும் கை நெசவையும் பற்றி நல்ல கட்டுரைக்குப் பரிசு அறிவித்தார்கள். அதில் புந்தாம்பேகரும் என்.எஸ். வரதாச்சாரியும் எழுதியது 1926-ல் புத்தகமாக வந்தது. அதே வருஷம் மகன்லால் காந்தியும் ரிச்சர்ட் கிரெக்கும் தக்ளி நூற்பைப் படிப்படியாகச் சொல்லித்தரும் ஒரு கையேடு எழுதினார்கள். ஒரு துண்டுக் குச்சியும் வட்டும் வைத்து நூல் இழுக்க ஒரு முழுப் புத்தகம். படித்தால் கை துறுதுறுக்கும்!

பீப் என்றால் ஏறிவிட்டது

இப்போது திரைக்குப் பின்னால். இந்த நெசவாளர்கள் தங்கள் அலமாரியை எப்படிப் பட்டியல் போடுகிறார்கள்?

புதுப் புத்தகம் என்றால் விளையாட்டு. பின் அட்டையில் இருக்கும் பார்கோடைச் செல்போன் கேமராவில் காட்ட வேண்டியதுதான். பீப்! பேர், ஆசிரியர், வருஷம், அட்டைப்படம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். 2005-ல் டிம் ஸ்பால்டிங் தொடங்கிய லைப்ரரிதிங் இதற்கென்றே இருக்கிறது. பின்னல்காரர்களின் ராவல்ரி 2007-ல் வந்தது. அதில் உங்களிடம் உள்ள புத்தகங்களைச் சொல்லிவிட்டால், எந்த டிசைன் உங்கள் அலமாரியிலேயே தூங்குகிறது என்று காட்டிக் கொடுத்துவிடும். வாங்கியதையே மறுபடி வாங்கி வீட்டில் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம். அந்தப் பார்கோடு எண்ணில் 978-க்கு அடுத்து 81 அல்லது 93 வந்தால் இந்தியப் புத்தகம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வீட்டில் ஒரு புத்தகத்தையும் சும்மா விட முடியவில்லை.

பழைய புத்தகம்தான் பாடாய்ப் படுத்தும். பார்கோடு இருக்காது. முதல் பக்கம் கிழிந்திருக்கும். மதுரையை அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ‘மதுரா’ என்று எழுதினார்கள். அப்படியே தேடினால் இந்தோனேசியாவின் மதுரா தீவு வந்து நிற்கும். அந்தத் தீவும் பாத்திக் துணிக்குப் பேர்போனதாயிற்றே, துணியும் கையுமாகவே வந்து நிற்கும்! எட்கர் தர்ஸ்டன் 1899-ல் சென்னை மாகாணப் பட்டுத் தொழிலைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தேடுகிறவர்கள் இந்த எழுத்துக்கூட்டலை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். சௌராஷ்டிர எழுத்தில் அச்சான புத்தகம் வைத்திருப்பவர்களுக்கோ நல்ல சேதி. 2008-லேயே யூனிகோடில் அந்த எழுத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. தலைப்பை அதன் சொந்த எழுத்திலேயே ஏற்றலாம்.

நம்ம பரணில் என்ன இருக்கு?

இவ்வளவு பார்த்த பிறகு கண் தானாக நம் பக்கம் திரும்புகிறது. நெசவு வீட்டுப் பரணில் ‘புத்தகம்’ வேறு வேறு ரூபத்தில் இருக்கும். புட்டா வரைந்த கிராஃப் தாள். சாம்பிள் துண்டு ஒட்டிய நோட்டு. கயிற்றால் கோத்த ஜக்கார்டு அட்டைக் கட்டு. அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு அட்டை, ஒரு ஊடைக்கான உத்தரவு. ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஒரு அன்னப்பட்சி கரையில் நடக்க எத்தனை அட்டை கோக்க வேண்டியிருக்கிறது! அரிசோனா வாத்தியார் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்.

‘டிசைனை வெளியே காட்டினால் பவர்லூம்காரன் அடித்துவிடுவான்’ என்ற பயம் உண்டு. நியாயமான பயம். 1866-ல் நடந்ததே அதுதானே. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியதும் அந்தப் பேரைக் காப்பாற்றத்தான். ஆனால் பட்டியல் போடுவது வேறு, டிசைனை அவிழ்த்துக் கொட்டுவது வேறு. என்னிடம் இன்னது இருக்கிறது என்று சொன்னால் போதும். எதைக் காட்டுவது, எதைப் பூட்டுவது என்பது வைத்திருப்பவர் இஷ்டம். வாட்சன் புத்தகத்தில் நெய்தவருக்கு அந்த இஷ்டம் இல்லை. இப்போது இருக்கிறது, அதுதான் பெரிய வித்தியாசம்.

பட்டியலின் பலம் தெரிய வேண்டுமானால் கோட்டையூரைக் கேளுங்கள். ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் அங்கே தேடித்தேடிச் சேர்த்த புத்தகங்கள்தான், அவர் 1992-ல் மறைந்த பிறகு, 1994-ல் சென்னையில் ஆய்வு நூலகமாக எழுந்தன. இருப்பது என்ன என்று ஒழுங்காக அடைவு போட்டதால்தான் எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். அரசாங்கமும் சும்மா இல்லை. இந்தியத் துணிகளுக்கும் கைவினைகளுக்கும் என்று 2023 ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாளன்று ஒரு மின்களஞ்சியம் திறந்தார்கள். ஆனால் நம் பரணில் உள்ள நோட்டு அந்தக் களஞ்சியத்துக்குத் தானாக நடந்து போகாது.

ஆகவே வண்டியூர்த் தறிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்கேனர், மென்பொருள் எல்லாம் அப்புறம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஷீட் திறந்து மூன்று பத்தி போடுங்கள்: என்ன புத்தகம், யார் வீட்டில், இரவல் உண்டா. பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, அட்டையை ஒரு போட்டோ. அவ்வளவுதான். நாளைக்கே அடுத்த தெருக்காரர் ஒருவர் வந்து, ‘தாத்தா போட்ட அந்த மயில் கரை நோட்டு உங்க வீட்லயா இருக்கு?’ என்று கேட்கப் போகிறார். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். தேதி மட்டும் குறித்து வையுங்கள். பார்கோடைப் பார்த்ததும் பேர் சொல்ல ஆப் வந்துவிட்டது, இரவல் போன புத்தகத்தைத் திருப்பி வாங்கித் தர இன்னும் ஒரு ஆப்பும் வந்தபாடில்லை!