ஈப்போவில் எழுந்த கேள்வி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த விடை

பல்கலைக்கழகம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? என் வகுப்பில் கேட்டால், "பட்டம்", "வேலை" என்றே பதில் வரும். சரிதான். ஆனால், ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. நம் ஊரில் நடந்ததை வைத்தே அதைப் பார்ப்போம்.

சிலிபினிலிருந்து ஈப்போ நகரைத் தாண்டிப் போனால் தம்புன் வரும். 1998 செப்டம்பரில் இந்த வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் மூளை அழற்சியும் வந்தன. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயோ நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

சில விவரங்கள் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடம் எடுத்த மாதிரியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் சேர்த்தார். செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின. இது ஏற்கெனவே சந்தேகித்த வைரஸ் அல்ல என்று அவருக்குத் தோன்றியது. மாதிரிகளை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். தட்டம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த புதிய வைரஸ் அது! நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அது 'நிப்பா வைரஸ்' ஆனது.

உடனே கவனம் கொசுவிலிருந்து பன்றிக்கு மாறியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன; பரவல் நின்றது. அதற்குள் நம் நாட்டில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்திருந்தார்கள். வைரஸின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர் தெரியவந்தது. பண்ணையோர மரங்களில் வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களைத் தின்ற பன்றிகளுக்கு அது தொற்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நோயாளியைக் கவனிக்கும் மருத்துவமனை, வைரஸை வளர்க்கும் கூடம், கற்பிக்கும் விரிவுரையாளர், கற்கும் மாணவர் ஆகிய அனைவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தது பெரிய பலம். அந்தப் பலம் ஒரே நாளில் வந்ததல்ல. 1905இல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949 அக்டோபர் 8இல் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1962 முதல் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. தமிழ் பயிலும் இந்திய ஆய்வியல் துறையும், 'ரிம்பா இல்மு' தாவரத் தோட்டமும் அங்கே உள்ளன. 2006இல் அரசு அறிவித்த நான்கு ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று.

எஸ்.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகங்களை அலசும்போது, "என்ன பட்டம் தருவார்கள்?" என்பதோடு, "எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள்?" என்றும் கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னப் பயிற்சி. அடுத்த முறை அறிவியல் கூடத்தில் உங்கள் சோதனையின் முடிவு பாடநூலோடு பொருந்தவில்லையா? அழித்துவிட்டு நண்பனின் விடையைப் பார்த்து எழுதாதீர்கள். கண்டதை அப்படியே குறித்துவையுங்கள். ஏன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பொருந்தாத விவரத்தை ஒருவர் ஒதுக்கித் தள்ளாததால்தான் அன்று பல உயிர்கள் பிழைத்தன.