‘திவா’வை எந்த டிஸ்க்கில் பார்ப்பது?

பாரிஸின் பூஃப் து நோர் அரங்கம். காரை உதிர்ந்த பழைய சுவர்கள். மேடையில் சிந்தியா ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்க ஓபரா பாடகி, அல்ஃப்ரெடோ கட்டலானியின் ‘லா வாலி’யிலிருந்து ஒரு தனிப்பாடலைப் பாடுகிறார். தன் குரலைப் பதிவு செய்ய அவர் யாரையும் விட்டதில்லை. இசைத்தட்டு ஒன்றுகூட வந்ததில்லை. பார்வையாளர் வரிசையில் ழூல் என்ற இளம் தபால்காரன், மறைத்துக் கொண்டுவந்த நாக்ரா ரெக்கார்டரில் அந்தக் குரலைக் களவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். டேப் சுழல்கிறது, அவன் கண் கலங்குகிறது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு டேப் வருகிறது. கொலையாளிகளிடமிருந்து தப்பி ஓடும் ஒரு பெண், சாவதற்கு முன் ஒரு கேசட்டை ழூலின் மொபெட் பைக்குள் போட்டுவிடுகிறாள். காவல்துறை மேலதிகாரி ஒருவரின் மறுமுகம் அதில் அம்பலமாகியிருக்கிறது. ஒரு டேப்புக்காகத் திருட்டு இசை வியாபாரிகளும், மற்றதற்காகக் கொலைகாரர்களும் துரத்த, நடுவில் எதுவும் அறியாமல் ஓடுகிறான் ழூல். 1981-ல் ழான்-ழாக் பெனெக்ஸ் எடுத்த ‘திவா’ இதுதான்.

இந்த இரண்டு டேப்புகளையும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேசட்டில் முக்கியம், என்ன சொல்லியிருக்கிறது என்பது. கரகரத்தாலும் இரைந்தாலும் குற்றவாளியின் பெயர் காதில் விழுந்தால் போதும். நாக்ரா டேப் அப்படியல்ல. எப்படி ஒலிக்கிறது என்பதுதான் அதன் முழு மதிப்பு. படப்பிடிப்புத் தளங்களில் ஒலிப்பதிவாளர்கள் நம்பிய சுவிட்சர்லாந்துக் கருவி அது. சாதாரண கேசட் ரெக்கார்டரோடு ழூல் அரங்கத்துக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்கு வரும் த்ரில்லர் படங்களில் பெரும்பாலானவை கேசட் ரகம். பிரதி சுமாராக இருந்தாலும் யார் கொன்றார், ஏன் கொன்றார் என்று தெரிந்துவிடும். ‘திவா’ நாக்ரா ரகம். அதனால்தான் இந்தப் படத்தின் டிவிடியையோ புளூ-ரேயையோ எடைபோடும்போது அளவுகோலை மாற்ற வேண்டியிருக்கிறது.

தோற்று, பிறகு ஜெயித்த படம்

பெனெக்ஸுக்கு இது முதல் முழுநீளப் படம். டெலகோர்டா என்ற புனைபெயரில் சுவிஸ் எழுத்தாளர் டானியல் ஓடியே எழுதிய நாவல்தான் மூலம். பாரிஸில் வெளியானபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். விளம்பரப் படம் போல மினுக்குகிறது, உள்ளே ஒன்றுமில்லை என்பது அவர்களின் குறை. 1982-ல் அமெரிக்காவுக்குப் போனதும் நிலைமை தலைகீழானது. கலைப்பட அரங்குகளில் கூட்டம் சேர்ந்தது. அதே ஆண்டு பிரான்ஸின் செசார் விருதுகளில் சிறந்த முதல் படம், ஒளிப்பதிவு, இசை, ஒலி என நான்கைத் தட்டிச் சென்றது. நான்கில் மூன்று, கண்ணுக்கும் காதுக்குமான விருதுகள் என்பதைக் கவனியுங்கள். நடிப்புக்கோ திரைக்கதைக்கோ கிடைக்கவில்லை.

பின்னாளில் லுக் பெஸ்ஸோன், லியோ கராக்ஸ் ஆகியோரோடு பெனெக்ஸையும் சேர்த்து, தோற்றத்துக்கு முதலிடம் தரும் சினிமா என்று ஒரு வகைக்கே பெயர் வந்தது. விமர்சகர் ரஃபயேல் பஸான் 1989-ல் சூட்டிய பெயர் அது. அந்த வகையின் தொடக்கப் புள்ளி ‘திவா’.

முதல் சோதனை: சுருதி

டிஸ்க் விமர்சனங்கள் வழக்கமாகப் படத்தின் கூர்மையில்தான் ஆரம்பிக்கும். இந்தப் படத்துக்குக் காதிலிருந்து ஆரம்பிப்பதே முறை.

சினிமா ஃபில்ம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த பால் முறைத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 வேண்டும். இதற்காக டிவிடி தயாரித்தவர்கள் கண்ட குறுக்குவழி, படத்தையே 25 ஃபிரேம் வேகத்தில் ஓட்டிவிடுவது. வேகம் 4 சதவீதம் கூடுகிறது, 117 நிமிடப் படம் சுமார் 112 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கூடவே ஒலியின் சுருதியும் ஏறுகிறது. ஏறும் அளவு, அரைச் சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு.

வசனப் படங்களில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ‘திவா’வில் கதையின் உயிரே ஒரு குரல். சிந்தியாவாக நடித்த வில்ஹெல்மேனியா விகின்ஸ் ஃபெர்னாண்டஸ் நிஜமான ஓபரா பாடகி, தானே பாடியிருக்கிறார். அந்தக் குரல் அரைச் சுரத்தில் முக்கால் பங்கு மேலே ஏறி, இம்மி வேகமாக ஓடினால், நமக்குக் கிடைப்பது அவர் பாடாத ஒரு பாடல். சில டிவிடிகளில் சுருதியை மட்டும் கணினியால் இறக்கியிருப்பார்கள். வேகம் அப்போதும் குறைவதில்லை. அதிகாலையில் டுய்லரி தோட்டத்தில் ழூலும் சிந்தியாவும் குடையோடு நடக்கும் காட்சிக்கு விளாதிமிர் கோஸ்மா அமைத்த மெல்லிய பியானோ இசைக்கு, ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அழகு. அவசரப்படுத்தினால் அது போய்விடும்.

அமெரிக்க என்டிஎஸ்சி டிவிடிகளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஃபிரேம்களைத் திரும்பக் காட்டிக் கணக்கைச் சரிக்கட்டுவதால், கேமரா திரும்பும்போது லேசாகத் திக்கும், அவ்வளவுதான். புளூ-ரே வந்த பிறகு 24 ஃபிரேமை அப்படியே தர முடிகிறது. ஆகவே வாங்குமுன் உறையின் பின்பக்கம் பாருங்கள். 112 நிமிடம் என்று போட்டிருந்தால் சந்தேகப்படலாம்.

இன்னொன்று, புதிய 5.1 ஒலிக்கலவை மட்டும் உள்ள வெளியீடு. ஒலிக்காக விருது வாங்கிய படத்தின் மூல ஒலித்தடத்தை ஒதுக்கிவிட்டு, புதிதாகப் பிரித்துப் போட்டதை மட்டும் கொடுத்தால் அது மதிப்பெண் குறையும் இடம். இரண்டும் இருந்தால் குறை சொல்வதற்கில்லை.

இரண்டாவது சோதனை: மூன்று நீலங்கள்

ஒளிப்பதிவு பிலிப் ரூஸ்லோ, பின்னாளில் ஹாலிவுட் போய் ஆஸ்கர் வாங்கியவர். அரங்க அமைப்பு ஹில்டன் மக்கானிகோ. பாரிஸ் இரவுத் தெருவின் நீலம், ரிஷார் போரெங்கே நடித்த கோரோதிஷ் என்ற பாத்திரத்தின் காலியான பெரிய அறையில் நிரம்பியிருக்கும் நீலம், விடியற்காலைத் தோட்டத்தின் சாம்பல் கலந்த நீலம் என்று மூன்று நீலங்களை இருவரும் படம் முழுக்க விரவியிருக்கிறார்கள். ஆபத்து, தியானம், காதல் என மூன்றுக்கும் மூன்று மனநிலை. மட்டமான பிரதியில் மூன்றும் சலவைக்குப் போட்ட துணி போல ஒரே நீலமாக வெளுத்துவிடும். எல்லாவற்றையும் பச்சை கலந்த நீலத்துக்குத் தள்ளிவிடும் பழக்கம் அண்மைக்கால மறுசீரமைப்புகள் சிலவற்றில் உண்டு. ‘திவா’வுக்கு அது ஆகாது.

அடுத்தது இருட்டு. ழூல் தங்கியிருக்கும் கராஜ் மாடியில் சுவரெங்கும் கார் ஓவியங்கள், தரையில் நொறுங்கிய கார். நிழலுக்குள் பாதி மறைந்து, பாதி தெரிய வேண்டிய இடம் அது. கறுப்பு அப்பிக்கிடந்தால் அறை காணாமல் போகும். கறுப்பு வெளுத்தால் மர்மம் காணாமல் போகும். இணையத்தில் ஓடும் பிரதிகள் தடுமாறுவதும் இங்கேதான். தரவைச் சுருக்கும்போது இருட்டின் நுண்ணிய படிநிலைகள் பட்டைபட்டையாகப் பிரிந்துவிடுகின்றன.

குறைந்த வெளிச்சத்தில் எடுத்த ஃபில்மில் கிரெய்ன் எனப்படும் நுண்துகள் இருக்கத்தான் செய்யும். அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மையாகின்றன. பளிச்சென்று இருப்பதெல்லாம் நல்ல பிரதி அல்ல.

படச்சட்டத்தின் விகிதம் 1.66. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் சரியாகப் போட்டால் இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். திரை முழுக்க நிறைந்திருந்தால் மேலும் கீழுமாக உயரத்தில் சுமார் 7 சதவீதத்தை வெட்டிவிட்டார்கள் என்று பொருள். ழூல் மொபெட்டோடு மெட்ரோ படிக்கட்டுகளில் இறங்கி ஓடும் அந்தப் புகழ்பெற்ற துரத்தலில், படிகளின் ஆழமும் கூரையின் தாழ்வும் சேர்ந்துதான் மூச்சு முட்ட வைக்கின்றன. அந்த 7 சதவீதம் சும்மா இல்லை.

கூடுதல் சரக்கு

2008-ல் அமெரிக்காவில் மெரிடியன் கலெக்‌ஷன் வரிசையில் வந்த டிவிடியில் சில காட்சிகளுக்கு பெனெக்ஸே விளக்கவுரை பேசியிருக்கிறார். 2022 ஜனவரியில் அவர் இறந்துவிட்டதால் இனி புதிதாக ஒன்று கிடைக்கப்போவதில்லை. படம் முழுக்க அவர் பேசவில்லையே என்று ஏக்கம் வரலாம். ஆனாலும் நேர்காணல்களோடு சேர்த்து இவை, ஒதுக்கப்பட்ட ஒரு படத்தை எடுத்தவரின் தரப்பு வாதம். அந்த டிவிடி ஏற்கெனவே இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். படத்தைப் பார்க்க மட்டும், அமெரிக்காவில் கினோ லோர்பர் கொண்டுவந்தது போன்ற புளூ-ரே பதிப்புக்குப் போகலாம். வாங்குமுன் அது எந்த மண்டலத்துக்கானது, உங்கள் பிளேயரில் ஓடுமா என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சப்டைட்டிலை அணைக்க முடிகிறதா என்பதும் முக்கியம். பழைய பிரதிகள் சிலவற்றில் எழுத்து படத்தோடு ஒட்டியே வரும், பாடகியின் முகத்துக்குக் கீழே அசையாமல் நிற்கும்.

இத்தனை கறார் ஒரு துரத்தல் படத்துக்குத் தேவையா என்று கேட்கலாம். கதையை மட்டும் சொன்னால் ‘திவா’ இரண்டு பத்தியில் முடிந்துவிடும், மேலே அதைச் செய்தும் காட்டியாயிற்று. மங்கிய நீலம், ஏறிய சுருதி, வெட்டிய சட்டத்தோடு பார்ப்பவருக்கு அந்த இரண்டு பத்திதான் மிஞ்சும். உள்ளே ஒன்றுமில்லை என்று 1981-ல் சொன்ன விமர்சகர்கள் சொன்னது சரிதான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். நல்ல பிரதியைப் போட்டுப் பார்த்தவர்தான் அவர்களோடு வாதாட முடியும்.