திருச்சிராப்பள்ளியும் சிங்கப்பூரும்: வான்வழித் தொலைவு

திருச்சிராப்பள்ளிக்கும் சிங்கப்பூருக்கும் எத்துணைத் தொலைவு என வினவினால், நம்மவர் கிலோமீட்டரில் விடை கூறார், மணிக்கணக்கில் கூறுவர். வான்வழித் தொலைவாவது, புவியுருண்டையின்மேல் இரு நகர்களை இணைக்கும் மிகக் குறுகிய கோடு. ஈண்டு அஃது ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணிக்குச் சற்று மிகும்.

1970களின் தொடக்கம் வரை நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு வழியே நாள்கணக்கில் சென்றனர். தந்தி அன்றே எட்டினும், தந்தையின் ஜனாஸாவிற்கு மகன் எட்ட இயலாது. இன்று காலையில் செய்தி கேட்டவர், விமானத்தில் இடம் கிடைப்பின், மாலைக்குள் வந்து தோள் கொடுக்கிறார். ஆதலின் அடக்க நேரத்தை முடிவு செய்யுமுன் பெரியவர்கள் விமான நேரத்தையே வினவுகின்றனர். காவிரிக்கு அப்பால் திருவரங்கத்து இல்லங்களிலும் இதே காத்திருப்புத்தான்.

இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் 1982 முதல் நம்முடையதினும் இரண்டரை மணி முந்தியது. பயணச்சீட்டில் அச்சிடும் நேரமோ அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. அங்குப் பிற்பகல் 3 மணிக்குப் புறப்பட்ட விமானத்திற்கு நான்கு மணியைக் கூட்டி, இரவு 7 மணிக்கு வருமென்று நாம் ஒருமுறை காத்திருந்தோம். மகன் மாலை 5 மணிக்குள்ளேயே வந்திறங்கிவிட்டார். அழைத்துவர நிலையத்தில் ஒருவருமில்லை.